உப்புத் தின்ற பெடல்: தங்கச்சிமடத்து வீட்டில் ஒரு ரடர் பெடலை மாற்றிய விவரம்

2024 டிசம்பர். வாடை நன்றாக ஏறியிருந்த நேரம். தங்கச்சிமடத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தான். கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் மென்பொருள் வைத்து விமானம் ஓட்டுபவன். "மாமா, டேக் ஆஃப் பண்ணும்போது பிளேன் இடது பக்கமா இழுத்துக்கிட்டு ஓடுது. பெடல் செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன். வேற வாங்கணும், நீங்க வந்து பாக்குறீங்களா?"

எனக்குத் தொழில் படகு எலெக்ட்ரானிக்ஸ். விசைப்படகுகளின் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட் இவற்றைப் பழுது பார்ப்பவன். விமானம் ஓட்டுவது பற்றித் தெரிந்ததெல்லாம் இவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். ஆனால் கடற்கரை வீட்டில் ஒரு மின்னணுச் சாமான் எப்படிச் சாகும் என்பது தெரியும். அதனால்தான் கூப்பிட்டான்.

வீடு பாக் நீரிணைப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கடல். கம்ப்யூட்டர் மேசை வடக்கு ஜன்னலுக்குக் கீழே. எக்ஸ்-பிளேன் 12 சிமுலேட்டர், ஒரு ஜாய்ஸ்டிக், மேசைக்கு அடியில் நாலு வருடமாகக் கிடக்கும் ரடர் பெடல், அதாவது விமான வாலில் இருக்கும் சுக்கானைக் காலால் திருப்பும் மிதி. ஓட்டுவது பெரும்பாலும் செஸ்னா 172. உச்சிப்புளி கடற்படை விமானத்தளத்துப் பக்கமிருந்து ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் மாடிக்கு ஓடும் பையன். இப்போது கல்லூரி முதல் வருடம்.

முதலில், இது பழுதுதானா?

இடது பக்கம் இழுக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பெடலைக் குற்றம் சொல்ல முடியாது. செஸ்னா மாதிரி ஒற்றை எஞ்சின் விமானத்தில் விசிறி, ஓட்டுபவர் இடத்திலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். அது தள்ளும் காற்று உடலைச் சுற்றிக்கொண்டு போய் வாலின் இடப்பக்கத்தில் அடிக்கும். மூக்கு தூக்கியிருக்கும்போது கீழே இறங்கும் வலப்பக்க அலகு கூடுதலாக இழுக்கும். எல்லாம் சேர்ந்து மூக்கை இடது பக்கம் திருப்பும். நிஜ விமானத்திலும் புறப்படும்போது வலது பெடலை மிதித்துக்கொண்டுதான் ஓட வேண்டும். சிமுலேட்டர் அதை ஒழுங்காகச் செய்து காட்டினால் அது பழுது ஆகாது.

ஆகவே விமானத்தை விட்டுவிட்டு விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் ஜன்னலையும், மூல எண்ணைக் காட்டும் ஒரு சின்ன மென்பொருளையும் திறந்தோம். அந்தப் பெடல் 10 பிட். அதாவது 0 முதல் 1023 வரை எண் தரும், நடு 512. காலை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பார்த்தோம். எண் 490க்கும் 545க்கும் நடுவே அலைந்துகொண்டே இருந்தது. இடது பெடலை மெதுவாக மிதித்தால் 380 வாக்கில் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து திரும்பி வந்தது. வலது பக்கம் அப்படி இல்லை.

சரி, பழுது உண்டு. ஆனால் அவன் சொன்ன இழுப்பு இன்னொரு இடத்திலிருந்து வந்தது. நடு அலைவதை மறைக்க அவனே டெட் ஸோனை, அதாவது நடுவைச் சுற்றி மென்பொருள் கண்டுகொள்ளாமல் விடும் பகுதியை, 15 சதவீதத்துக்கு ஏற்றி வைத்திருந்தான். புறப்படும்போது சின்னதாக வலது மிதித்தால் ஒன்றும் நடக்கவில்லை. பெரிதாக மிதித்தால் தாவியது. டெட் ஸோன் நடு அலைச்சலை மூடும். மிதிக்கும் வழியில் வெட்டி விழும் எண்ணை மூடாது.

திறந்து பார்த்தது

அடியில் நாலு ஸ்க்ரூ. இரண்டு கழன்றன, இரண்டுக்குத் தலை மழுங்கிவிட்டது, டிரில் போட்டுத்தான் எடுத்தேன். உள்ளே இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்.

ஒன்று, பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமாகப் பொட்டு. பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று இரையுமே, அதே சாமான், அதே நோய். கரி பூசிய ஒரு தடத்தின் மேல் சின்ன உலோகத் தகடு உரசிக்கொண்டு போகும். தடம் தேய்ந்தாலோ தகட்டில் களிம்பு ஏறினாலோ தொடுப்பு விட்டுவிட்டு வரும். இதில் கவனிக்க வேண்டியது, இந்த வகைப் பொட்டு முழுதாகச் சுற்றினால் சுமார் 300 டிகிரி. பெடல் அதை 60 டிகிரிதான் சுற்றியது. அப்படியானால் 1024 படிகளில் பயன்பட்டது ஏறக்குறைய 205. மீதியை மின்சுற்றும் மென்பொருளும் இழுத்து நீட்டிக் காட்டின. நாலு வருடத் தேய்மானமும் அந்த ஐந்தில் ஒரு பங்குத் தடத்திலேயே விழுந்திருந்தது.

இரண்டாவது, சறுக்குக் கம்பி. இரண்டு பெடலும் எஃகுக் கம்பியின் மேல் முன்னும் பின்னும் சறுக்குகிற அமைப்பு. கம்பியில் மிளகு தூவின மாதிரி துருக் குழிகள். நடுவில்தான் அதிகம், ஏனென்றால் பெடல் ஓய்ந்து நிற்பது அங்கே. விரலால் தள்ளினால் முதலில் நகராது. சற்று அழுத்தினால் சடக்கென்று விட்டுத் தேவைக்கு மேல் போகும்.

இது எப்படி நடந்தது என்பது அக்கா அடுப்படியிலேயே இருந்தது. மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடியைத் திறந்தால் நசநசவென்று கசிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானே கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆக, வாடையில் பறந்து வந்து படிந்த உப்புத்துளி பட்டப்பகலிலும் முழுதாகக் காயாது. உப்புத் தின்றவன் தண்ணி குடிப்பான் என்பது இரும்புக்கும் பொருந்தும். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் இதே உப்போடுதான் நூறு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியது. அதனால்தான் புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்ஸேன் பூச்சும். இவன் பெடலுக்கு வந்த காற்றும் அதே காற்று. கூடவே வெறுங்கால் வியர்வை வேறு.

பழுது பார்க்க முயன்றது

முதலில் கான்டாக்ட் கிளீனர் அடித்தேன். மூன்று வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி. (துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை இதற்குள் அடிக்காதீர்கள். தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும்.)

அடுத்து பொட்டையே மாற்றினேன். இங்கே நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். கையிருப்பில் இருந்த 10K பொட்டை எடுத்து ஒட்டிவிட்டேன். மாட்டிப் பார்த்தால் இடது பக்கம் செத்த மாதிரி, வலது பக்கம் பேய் மாதிரி. கழற்றி முதுகைப் பார்த்தால் A10K என்றிருந்தது. A என்றால் ஒலிக்கான மடக்கை வகை, காதுக்கு ஏற்ற மாதிரி ஏறும். பெடலுக்கு வேண்டியது B, நேர்கோட்டு வகை. இருபது வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். பையன் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

B10K போட்டதும் எண் நேராகிவிட்டது. ஆனாலும் பொட்டு பொட்டுதான், மறுபடி தேயும். அதனால் பிப்ரவரியில் ஒரு படி மேலே போய்ப் பார்த்தோம். காந்தப்புலத்தை உணரும் SS49E என்ற சின்ன ஹால் சென்சார், ஒரு காந்தம், எண்ணைக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப ஆர்டுயினோ புரோ மைக்ரோ என்ற சின்ன மின்சுற்றுப் பலகை. காந்தம் நகர நகர சென்சாரின் மின்னழுத்தம் மாறும். எதுவும் எதையும் தொடுவதில்லை, தேய ஒன்றுமில்லை. காந்தப்புலம் இல்லாதபோது கொடுத்த மின்னழுத்தத்தில் பாதியைத் தரும் என்பதால் நடுப்புள்ளி வைப்பதும் சுலபம். காந்தம் நியோடிமியம் என்றால் மேல்பூச்சில் கீறல் விழக்கூடாது. விழுந்தால் எங்கள் ஊரில் ஒரே மழைக்காலத்தில் பொடியாகிவிடும். அரால்டைட்டில் முழுக்காட்டி வைத்தேன்.

எண்கள் இப்போது அழகாக வந்தன. கால்தான் இன்னும் திக்கியது. சென்சாரை மாற்றினால் கம்பி மாறாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து கிரீஸ் வைத்தேன், இரண்டு வாரத்தில் கிரீஸில் மணல் சேர்ந்தது. அப்போதுதான் மாற்றுவது என்று முடிவானது.

எதை வாங்குவது

விலைப் பட்டியலைப் பார்த்துத் தொடங்காமல், பழைய பெடல் எதனால் செத்தது என்பதிலிருந்து தொடங்கினோம். உரசும் சென்சார் வேண்டாம், தரையோடு ஒட்டிய சறுக்குக் கம்பி வேண்டாம். இந்த இரண்டே பாதிப் பட்டியலை அழித்துவிட்டன.

த்ரஸ்ட்மாஸ்டரின் டிஎஃப்ஆர்பி விலையில் கைக்கு எட்டியது. ஆனால் அதுவும் சறுக்கும் வகை. தவிர இரண்டு கால்களும் நெருங்கி நிற்கும், இவன் ஆறடி. விகேபியின் டி-ரடர் எனக்கு மிகவும் பிடித்தது. எளிய அமைப்பு, தொடாத சென்சார். ஆனால் பெடலின் மேற்பகுதியை முன்பாதத்தால் அழுத்தும் பிரேக் மிதி அதில் கிடையாது. போர் விமானம் அல்லது ஹெலிகாப்டர் ஓட்டுபவருக்கு அது குறையே அல்ல. செஸ்னா 172இல் தரையில் பெடலால் மூக்குச் சக்கரத்தை இரு பக்கமும் சுமார் 10 டிகிரிதான் திருப்ப முடியும். ஒரு பக்க பிரேக்கையும் சேர்த்து மிதித்தால்தான் 30 வரை போகும். பிரேக் இல்லாமல் இவனால் வண்டியைத் திருப்பி நிறுத்தவே முடியாது. குரோவேஷியாவிலிருந்து வரும் எம்எஃப்ஜி கிராஸ்விண்ட் எல்லா விதத்திலும் பொருந்தியது. அனுப்பும் செலவு, சுங்கம், காத்திருப்பு என்று கணக்குப் போட்டு ஒதுக்கிவிட்டோம்.

மீதி இருந்தது த்ரஸ்ட்மாஸ்டர் டிபிஆர். 2018இல் வந்தது. பெடல்கள் மேலிருந்து ஊசல் போலத் தொங்கும், சென்சார் காந்த வகை, முழுக்க உலோகம், ஏழு கிலோ எடை. புதிது வாங்க வசதியில்லை. சென்னையில் ஒருவர் விற்பதாகத் தெரிந்து பையன் நேரில் போய் மடிக்கணினியில் மாட்டி, காலை எடுத்த நிலையில் எண் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தான். செகண்ட் ஹேண்டில் இதைச் செய்யாமல் வாங்கக் கூடாது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஏர்பஸ், போயிங் மட்டும் ஓட்டுபவராக இருந்தால் இவ்வளவு செலவு வேண்டாம். பறக்கும்போது அவற்றில் ரடரைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. புறப்பட, இறங்க, பக்கக் காற்றுக்குத்தான் தேவை. பிடியை முறுக்கினால் ரடர் திரும்பும் ஜாய்ஸ்டிக் ஒன்று போதும். பெடல் இல்லாத இரண்டு மாதமும் இவன் அதில்தான் ஓட்டினான், முனகிக்கொண்டே.

பொருத்தியது, அப்புறம் மச்சான்

பெடல் வந்து சேர்ந்தது 2025 ஏப்ரல் இரண்டாம் வாரம். அந்த மாதம் 6ஆம் தேதிதான் புதிய பாம்பன் பாலம் திறந்திருந்தார்கள். ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் மேசைக்கு அடியில் படுத்திருந்தோம்.

முதல் தொல்லை நாற்காலி. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பிரேக்கையும் மிதித்தால் பெடல் நகராது, நாற்காலி பின்னால் ஓடும். செங்கல் வைத்துப் பார்த்தோம், டைல்ஸ் தரையில் செங்கலும் சேர்ந்து ஓடியது. கடைசியில் படகுப் பட்டறையில் மிஞ்சியிருந்த மரைன் பிளைவுட் ஒரு துண்டு வாங்கிவந்து, பெடலையும் பழைய மர நாற்காலியின் கால்களையும் ஒரே பலகையில் முடுக்கினேன். இப்போது எவ்வளவு மிதித்தாலும் விசை பலகைக்குள்ளேயே அடங்கிவிடும். பெடல் மாற்றியதில் கிடைத்த முன்னேற்றத்தில் பாதி இந்தப் பலகையினால் என்று நினைக்கிறேன். பழைய பெடலுக்கே இதைச் செய்திருக்கலாம்.

இரண்டாவது, வெறுங்கால். பெடல்கள் ஷூ போட்ட காலை மனதில் வைத்துச் செய்தவை. நம் வீட்டில் யார் ஷூ போட்டுக்கொண்டு உட்காருவார்கள்? வெறும் பாதம் வளையும். ரடரை மிதிக்கும்போதே முன்பாதம் மேலே போய் பிரேக்கையும் தொட்டுவிடும். ஓடுபாதையில் வேகம் ஏறாமல் ஒருபக்கம் இழுக்கும். ஹவாய் செருப்பின் அடியை வெட்டிப் பெடலின் கீழ்ப்பாதியில் மட்டும் ஒட்டினோம். கால் எங்கே இருக்க வேண்டும் என்பது பார்க்காமலே தெரிந்தது. பிரேக் அச்சுகளுக்கு மட்டும் 6 சதவீத டெட் ஸோன். ரடருக்கு 1 சதவீதம்.

மூன்றாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது, 61 நாள். மச்சான் விசைப்படகு டிரைவர், வீட்டில் சும்மா இருந்தார். ஒருநாள் மகன் இல்லாத நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர் ஐந்தடி மூன்று. பெடலை எட்டவில்லை. எனவே பலகையில் நாற்காலிக் காலுக்கு இரண்டு ஜோடி ஓட்டை போட வேண்டியதாயிற்று, மகனுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று.

அவர் முதலில் பெடலை மிதித்தே விமானத்தைத் திருப்பப் பார்த்தார். அது சறுக்கிக்கொண்டு போனது. "சுக்கான் வச்சிருக்கீங்க, அப்புறம் எதுக்கு றெக்கையச் சாய்க்கிறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. படகைச் சுக்கான் திருப்பும். விமானத்தை இறக்கையின் சாய்வுதான் திருப்பும், மூக்கு அந்தத் திருப்பத்தோடு ஒழுங்காக வரும்படி பார்த்துக்கொள்வதே ரடரின் வேலை. இதைப் புரியவைக்க எங்களுக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. ஆனால் பக்கக் காற்றில் மூக்கை ஒருபுறம் திருப்பி வைத்துக்கொண்டே ஓடுபாதையை நோக்கி நேராக வருவதைக் காட்டியபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீவாடு இழுக்கும்போது பாம்பன்ல அணியத்த அந்தப் பக்கம் வச்சுக்கிட்டு வர்றதுதானே" என்று சொல்லிவிட்டு மீன் குழம்புக்கு எழுந்து போய்விட்டார். நீவாடு என்றால் நீரோட்டம், அணியம் என்றால் படகின் முன்பக்கம்.

சோதனை

ஆடியில், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, முறையாக ஒரு சோதனை வைத்தோம். மதுரை விமான நிலையம், ஓடுபாதை 27 (அதாவது 270 டிகிரி திசை), செஸ்னா 172. காற்று 220 டிகிரியிலிருந்து 20 நாட் என்று கையால் வைத்தோம். ஓடுபாதைக்கும் காற்றுக்கும் 50 டிகிரி வித்தியாசம், ஆக பக்கக் காற்று சுமார் 15 நாட். செஸ்னா 172க்கு நிரூபித்துக் காட்டிய பக்கக் காற்று அளவும் அந்த 15 நாட்தான். சுலபமான சோதனை அல்ல.

காற்று இடப்பக்கத்திலிருந்து. மூக்கை இடது பக்கம் வைத்து வந்து, தரைக்குச் சற்று மேலே வலது பெடலை மிதித்து நேராக்கி, இடது இறக்கையைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு மிதி அளவாக வேண்டும். துருக்கம்பி பெடலில் முடியாதது அதுதான்: முதலில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதிகமாகப் போகும்.

ஹால் சென்சார் போட்ட பழைய சட்டத்தையும் அதே பலகையில் மாட்டிப் பத்து முறை இறங்கினான். நாலு முறை பாதையை விட்டு வெளியே போனது. புதியதில் பத்துக்கு ஒன்று. பழகப் பழக நன்றாக வரும் என்பதால் இதை நான் உடனே நம்பவில்லை, மறுபடி பழையதை மாட்டச் சொன்னேன். மூன்று முறை வெளியே. அப்போதுதான் ஒத்துக்கொண்டேன். இரண்டிலும் சென்சார் சுத்தம், பலகையும் ஒன்று. வித்தியாசம் கம்பியில் இருந்தது.

ஒரு வாடை கழிந்த பிறகு

2026 ஜனவரியில் மூடியைத் திறந்து பார்த்தேன். காலை எடுத்த நிலையில் நடு எண் அசையவில்லை. ஊசல் அச்சில் திக்கல் இல்லை. யூஎஸ்பி முனையில் மட்டும் லேசாகப் பச்சை, துடைத்துவிட்டேன்.

துருப்பிடித்தது ஒன்றே ஒன்று, நான் பலகையில் போட்ட போல்ட்கள். கையில் கிடைத்த சாதா போல்ட்களை முடுக்கியிருந்தேன், ஆறில் நாலு சிவந்துவிட்டன. படகில் இப்படிச் செய்வேனா? இப்போது தலையில் A4 என்று குறியிட்ட துருப்பிடிக்காத எஃகு போல்ட்கள் போட்டிருக்கிறேன், அது 316 ரகம். A2 என்றால் 304, வீட்டுக்குள் போதும் என்பார்கள். இந்த ஜன்னலுக்குப் போதாது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுவது. ஓட்டாத நேரம் மேலே ஒரு பழைய போர்வை. பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும் என்பதால் துணி. மேசையைத் தெற்குச் சுவருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அங்கே தையல் மெஷின் இருக்கிறது, அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை.